‘சார் இன்னா சொல்றாரோ அதான்’: தலைவர் எப்படி இருக்கணும்னு யார் முடிவு பண்றாங்க? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளில் புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்களுக்கும், வேலூர்க் கல்லூரிகளில் கடைசி வருடம் படிக்கும் பிள்ளைகளுக்கும் சில வருடங்களாக வகுப்பு எடுக்கிறேன். தலைவரிடம் ஜனங்கள் எதிர்பார்ப்பது நாட்டுக்கு நாடு ஏன் மாறுகிறது என்பது அதில் ஒரு நாள் பாடம். வகுப்பில் எழுந்து கேட்பவர்கள் குறைவு. முடிந்தபின் வாசலில் நிறுத்திக் கேட்பவர்கள்தான் அதிகம். (பாடத்தில் பாதி அதிலேயே இருக்கிறது.) திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன்.

ஒரே ஆள் ஓர் ஊரில் நல்ல தலைவர், இன்னொரு ஊரில் உதவாதவர் என்று ஆக முடியுமா?

முடியும். என் கண் முன்னாலேயே ஆனது.

ஐப்பசி மழை நேரம். ஒரு கம்பெனியில் சோல் ஒட்டும் லைனில் தகராறு. இன்று ஒட்டிய சோல் நாளைக்கு நுனியில் வாய் பிளக்கிறது. சரக்கு வாங்கும் ஜெர்மன் கம்பெனி ஒரு டெக்னீஷியனை அனுப்பியது. அவர் வந்ததும் ஆபீஸ் ரூமில் உட்காராமல் நேராக லைனுக்குப் போனார். ஒட்டாத ஒரு ஜோடியைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு, சுற்றி நின்ற ஏழெட்டு பேரிடம் கேட்டார்: “எனக்குக் காரணம் புரியவில்லை. தினமும் செய்கிறவர்கள் நீங்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?”

அதைத் தமிழில் சொன்னதும் லைனே அமைதியானது. எல்லார் கண்ணும் சூப்பர்வைசர் பக்கம் போனது. சூப்பர்வைசர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர், “நீங்க சொல்லுங்க சார், அப்படியே செஞ்சிடலாம்” என்றார்.

டீ நேரத்தில் கட்டிங் மாஸ்டர் என்னிடம் வந்து, “இன்னா சார், அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துட்டு நம்மள கேக்கறாரு? அவருக்கே தெரியலயா?” என்றார். சாயங்காலம் அந்த ஜெர்மன்காரர் என்னிடம் கேட்டது: “இங்கே யாருக்குமே வேலையில் அக்கறை இல்லையா?”

இரண்டு பேர் கணக்கும் தப்பு. பசை தடவும் இடத்தில் நின்ற ஒரு அம்மாவுக்குக் காரணம் முதல் நாளே தெரியும். மழை ஈரத்தில் சொல்யூஷன் காய அதிக நேரம் பிடிக்கும். லைன் வேகத்தைக் குறைக்காததால் சரியாகக் காயாமலே ஹீட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னார். “அவர் கேட்டாரே, அப்பவே சொல்லியிருக்கலாமே?” என்றேன். “எல்லாரும் நிக்கறப்ப கேட்டா எப்பிடி சார் சொல்றது? சூப்பர்வைசர் மூஞ்சப் பாக்கணுமில்ல” என்றார்.

ஜெர்மன்காரர் ஊரில் “எனக்குத் தெரியவில்லை” என்று சொல்கிறவர் நேர்மையானவர். நம் லைனில் அதே வார்த்தை, மேலே இருப்பதற்கே தகுதி இல்லை என்று ஒத்துக்கொள்வது போல. தலைவர் என்றால் இப்படி இருப்பார் என்று ஒவ்வொருவர் மனதிலும் முன்கூட்டியே ஒரு படம் மாட்டியிருக்கிறது. வருகிற ஆளை அந்தப் படத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் ஏற்கிறோம், தள்ளுகிறோம்.

இதையெல்லாம் யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். ஹீர்ட் ஹாஃப்ஸ்டீட் என்ற டச்சு சமூக உளவியலாளர் ஐபிஎம் கம்பெனியின் பல நாட்டுக் கிளைகளில் 1967 முதல் 1973 வரை எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை வைத்து 1980-ல் ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார். அதில் ஒரு அளவுகோல் ‘அதிகாரத் தொலைவு’. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவில் உள்ள ஏற்றத்தாழ்வைக் கீழே இருப்பவர் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் அது. எண் ஏற ஏற அந்த ஏற்பும் அதிகம். இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40, ஜெர்மனிக்கு 35, டென்மார்க்குக்கு 18, ஆஸ்திரியாவுக்கு 11. பிறகு விரிந்த பட்டியலில் மலேசியா 104 என்று உச்சியில் நிற்கிறது.

வகுப்பில் இந்த எண்களைப் பலகையில் எழுதியதும் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எடுக்கட்டும், ஆனால் உப்பைத் தொட்டுக்கொள்கிற மாதிரி தொட்டுக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்டது ஒரே கம்பெனி ஆட்களிடம். அந்தக் காலத்தில் ஐபிஎம்மில் வேலை பார்த்த இந்தியர் எத்தனை பேர், எந்த வீட்டுப் பிள்ளைகள்? பேரணாம்பட்டு பீடித் தொழிலாளியும் பஞ்சாப் விவசாயியும் அந்த 77-க்குள் எங்கே இருக்கிறார்கள்? நாட்டைப் பற்றி ஒரு சாடை சொல்லும் எண் அது. எதிரில் நிற்கிற ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

உலகம் முழுக்க எல்லாரும் ஒத்துக்கொள்ளும் தலைவர் குணம் என்று எதுவுமே இல்லையா?

இருக்கிறது, நிறைய. அமெரிக்காவின் ராபர்ட் ஹவுஸ் 1990-களில் தொடங்கிய ‘குளோப்’ ஆய்வு 62 சமூகங்களில், உணவுத் தொழில், நிதி, தொலைத்தொடர்பு ஆகிய மூன்று துறைகளின் நடுத்தர மேலாளர்கள் சுமார் 17,000 பேரிடம் கேட்டது. 2004-ல் முழு முடிவும் வெளிவந்தது. நம்பத் தகுந்தவர், நியாயமானவர், முன்யோசனை உள்ளவர், ஊக்கம் கொடுப்பவர் என 22 குணங்களுக்கு எல்லா இடத்திலும் ஓட்டு விழுந்தது. எரிந்து விழுபவர், ஈவிரக்கம் இல்லாதவர், தான் என்ற நினைப்பு பிடித்தவர், சர்வாதிகாரி என 8 குணங்கள் எங்கேயுமே வேண்டாம். இடம் பார்த்து மாறுவது 35. அந்தப் பட்டியல்தான் சுவாரஸ்யம். மேலே வரத் துடிப்பவர், ஜாக்கிரதையானவர், இரக்கப்படுபவர், தந்திரம் தெரிந்தவர் எல்லாம் ஓர் ஊரில் பாராட்டு, இன்னொரு ஊரில் வசவு.

பொதுவான குணத்தையும் காட்டுகிற விதம் வேறாகும் என்பதை மறக்கக் கூடாது. ‘அக்கறையானவர்’ எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் ஆம்பூரில் அக்கறை என்றால் வீட்டில் அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று கேட்பது. ஹாம்பர்க்கில் அதைக் கேட்காமல் விடுவதும் ஆறு மணிக்கு மேல் போன் போடாமல் இருப்பதும்தான் அக்கறை.

அப்போ நம்ம ஜனங்களுக்கு அதட்டுற தலைவர்தான் பிடிக்கும், அப்படித்தானே?

அதிகம் வரும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் அதட்டுகிறவராகத்தான் இருப்பார்.

இல்லை. குளோப் ஆய்வில் ஒரு நல்ல வேலை செய்தார்கள். “உங்கள் சமூகத்தில் இப்போது எப்படி நடக்கிறது?” என்று ஒரு தடவை, “எப்படி நடக்க வேண்டும்?” என்று இன்னொரு தடவை கேட்டார்கள். ஏழு மதிப்பெண் அளவில், அதிகாரத் தொலைவு நடைமுறையில் சராசரியாக 5-க்கு மேல் வந்தது. விருப்பத்தில் 3-க்கும் கீழே இறங்கியது. இந்தியாவிலும் இதே கதைதான்.

அதாவது ஜனங்கள் பொறுத்துக்கொள்வது வேறு, விரும்புவது வேறு. “எங்க ஆளுங்க சத்தம் போட்டாதான் சார் கேப்பாங்க” என்று சொல்லும் சூப்பர்வைசர் முதலாவதைப் பார்த்துவிட்டு அதையே இரண்டாவது என்று நினைத்துக்கொள்கிறார். சத்தம் போட்டால் வேலை நடக்கத்தான் செய்யும். அந்தப் பசை தடவிய அம்மாவும் வாயைத் திறக்காமல் வேலை செய்துகொண்டுதான் இருந்தார். சோல்தான் வாயைத் திறந்தது.

முதலாளி அப்பா மாதிரி இருப்பது நல்லதா, கெட்டதா?

நம் பக்கத்தில் இதற்கு ஆயிரம் உதாரணம். வீட்டுக் கல்யாணத்துக்கு முதலாளி பாய் நேரில் வந்து மொய் எழுதிவிட்டுப் போனார் என்பதை இருபது வருடம் கழித்தும் சொல்லிக்காட்டும் தொழிலாளிகள் உண்டு. ஸ்கூல் பீஸுக்கு முன்பணம், ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன், தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் கையில் ஏதாவது. பாட்னாவில் இருந்த உளவியலாளர் ஜெ.பி.பி. சின்ஹா 1980 வாக்கில் இந்த மாதிரி ஆளைத்தான் ஆராய்ந்தார். இந்தியச் சூழலில் எடுபடும் தலைவர் கறாராக வேலையும் வாங்குவார், பிள்ளை போலப் பார்த்தும் கொள்வார், கீழே இருப்பவர் தன் காலில் நிற்க ஆரம்பித்ததும் மெல்ல முடிவெடுக்கும் இடத்தில் அவரைச் சேர்த்துக்கொள்வார் என்றார். சீன, தைவான் கம்பெனிகளைப் பார்த்தவர்களும் கண்டிப்பு, பரிவு, ஒழுக்கம் என்ற மூன்றும் சேர்ந்த தகப்பன் தலைமையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

சின்ஹா சொன்னதில் கடைசிப் பகுதியை நம் ஊரில் வசதியாக விட்டுவிடுகிறோம். பிள்ளை வளரவே இல்லை. இருபது வருடம் வேலை செய்தவருக்கும் லீவு கேட்க வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. அப்பாவிடம் சம்பள உயர்வு கேட்க முடியாது, கெஞ்சத்தான் முடியும். மொய் எழுதியவரிடம் பி.எஃப். கணக்கைக் காட்டச் சொல்ல நாக்கு எழாது. அன்பு உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அது உரிமையின் இடத்தில் உட்கார்ந்துகொண்டால் கேட்பவன்தான் நன்றி கெட்டவன் ஆகிறான்.

1806 வேலூர்க் கோட்டைப் புரட்சியை ஏன் இந்தப் பாடத்தில் இழுக்கிறீர்கள்?

ஒவ்வொரு ஜூலை 10-ம் மக்கான் பக்கத்து நினைவுத் தூணுக்கு மாலை போடுகிறோம். நடந்ததை ஒரு தடவை தலைமைக் கண்ணோடு படித்துப் பாருங்கள், வேறு பாடமே வேண்டாம்.

1805 நவம்பரில் கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், சென்னைப் படைக்குப் புது உடை உத்தரவு வந்தது. தொப்பி போன்ற ஒரு தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம். அணிவகுப்பில் நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், மீசை ஒரே மாதிரி இருக்க வேண்டும். உத்தரவு போட்ட தளபதி ஜான் கிரடாக்கின் கண்ணில் அது வெறும் உடுப்பு. ராணுவம் என்றால் உடுப்பு ஒரே மாதிரி இருக்கத்தானே வேண்டும்? சிப்பாய்க்கோ அது தலை, மதம், சாதி, அடுத்த வாரம் ஊருக்குப் போனால் பந்தியில் உட்கார விடுவார்களா என்ற கவலை. சுடு என்றால் சுடுவான், ஆற்றில் இறங்கு என்றால் இறங்குவான். கும்பினிக்காரன் ஆனாலும் நெற்றியைத் தொட அதிகாரம் இல்லை. எதுவரைக்கும் கீழ்ப்படிவது என்ற எல்லையைப் போடுகிறவன் கீழே இருப்பவன். அந்தக் கோடு மேலே இருப்பவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

1806 மே மாதம் வேலூரில் தலைப்பாகையை மறுத்தவர்களுக்குச் சவுக்கடித் தண்டனை கொடுத்தார்கள். ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் கர்னலிடம் போய், சதி நடக்கிறது என்று எச்சரித்தார். நம்புவதா வேண்டாமா என்று கர்னல் அங்கிருந்த இந்திய அதிகாரிகளையே விசாரிக்கச் சொன்னார். அவர்கள், “அவன் பைத்தியம்” என்றார்கள். முஸ்தபா பேக்கை அடைத்து வைத்தார்கள். ஜூலை 10 விடியுமுன் கோட்டை வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைச் சிப்பாய்கள் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தபின் நூற்றுக்கணக்கில் இந்தியச் சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். உத்தரவு வாபஸ். கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.

உடுப்பு மட்டுமே காரணம் இல்லை. கோட்டைக்குள் வைத்திருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளைச் சுற்றியும் கனவுகள் இருந்தன. ஆனால் நான் வகுப்பில் நிறுத்தும் இடம் முஸ்தபா பேக். கீழே இருந்து ஒரு குரல் வந்தது. மேலே இருந்தவருக்கு அதை நேராகக் கேட்கத் தெரியவில்லை. நடுவில் இருந்தவர்களிடம் கேட்டார். நடுவில் இருந்தவர்களுக்கு அவரவர் காரணம் இருந்தது. ஜெர்மன்காரர் கேட்டபோது எல்லாரும் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தது எனக்கு ஞாபகம் வரும்.

மேலதிகாரி தப்பு செய்யும்போது சொல்லாமல் இருப்பது நம்ம ஆசியப் பழக்கம்தானே?

அப்படி ஒரு பேச்சு உலகம் முழுக்க ஓடுகிறது. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. 1977 மார்ச் 27-ல் டெனெரீஃப் தீவு விமான நிலையத்தில், மூடுபனியில், இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி கிடைக்காமலே ஓடத் தொடங்கியது டச்சு கேஎல்எம் விமானம். எதிரே இருந்த விமானம் இன்னும் விலகவில்லையோ என்று ஃப்ளைட் இன்ஜினீயர் கேட்கவே செய்தார். கேப்டன் அந்தக் கம்பெனியின் மிக மூத்த விமானிகளில் ஒருவர். விலகிவிட்டது என்று அழுத்திச் சொன்னதும் பேச்சு நின்றது. ஹாஃப்ஸ்டீட் அளவுகோலில் நெதர்லாந்து 38. ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும், முகத்துக்கு நேராகப் பேசும் ஊர் அது. அங்கேயே இந்தக் கதி.

அதற்குப் பிறகுதான் விமானத் துறை கேப்டனை எதிர்த்துக் கேட்பதை ஒரு பயிற்சியாகவே கொண்டுவந்தது. தைரியம் பழக்கத்தால் வருவது. எங்கள் வகுப்பிலும் ஒரு சின்ன வேலை செய்கிறோம். லைன் மீட்டிங்கில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் பேச வேண்டும், சூப்பர்வைசர் கடைசியில். முதல் வாரம் “ஒண்ணும் இல்ல சார்” மட்டும்தான் வரும். மூன்றாவது வாரம் டாய்லெட் தாழ்ப்பாள் பிரச்சினை வரும். அதை அன்றைக்கே சரி செய்துவிட்டால், அதன்பிறகு சொல்யூஷன் பற்றியும் வரும்.

எல்லாரையும் கேட்டு முடிவெடுக்கும் பழக்கம் நமக்கு இல்லவே இல்லையா?

ஜப்பானில் ‘நெமவாஷி’ என்பார்கள். மரத்தைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவதற்கு முன் வேரைச் சுற்றி மண்ணைப் பக்குவப்படுத்துவது என்று பொருள். கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசிவிடுவார்கள். கூட்டத்தில் தலையாட்டுவது மட்டும்தான் பாக்கி.

நம் ஊர் எருது விடும் விழாவுக்கு நாள் குறிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதா? ஊர்க்கூட்டத்தில் பெரியதனக்காரர் எழுந்து தேதி சொல்வதற்கு முன்னால் டீக்கடை, வரப்பு, சலூன் எல்லாம் சுற்றி அந்தத் தேதி வந்திருக்கும். கூட்டத்தில் முதல்முதலாக ஒரு விஷயத்தை எடுக்கிறவன் ஊர் தெரியாதவன். அந்த ஜெர்மன்காரர் செய்ததும் அதுதான். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

பண்பாடு, பண்பாடு என்கிறீர்களே, இது சாதியும் காசும் இல்லையா?

பெரும்பங்கு அதுதான். ஊர்க்கூட்டத்தில் யார் திண்ணையில், யார் தரையில், யார் தெரு ஓரத்தில் நின்று கேட்டார்கள் என்பதை விட்டுவிட்டு ‘மரியாதைப் பண்பாடு’ என்று மட்டும் பேசினால் அது பூசி மெழுகுவது. டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் நிற்பவர் யார், கணக்கு மேசையில் இருப்பவர் யார் என்று பார்த்தால் யார் பேசுவார், யார் பேசமாட்டார் என்பதும் தெரிந்துவிடும்.

பெண் தலைவர் என்றால் எதிர்பார்ப்பு மாறுகிறதா?

மாறுகிறது. அதே கண்டிப்பு ஆணிடம் இருந்தால் ‘ஸ்ட்ரிக்ட்’, பெண்ணிடம் இருந்தால் ‘திமிர்’. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் 2016-ல் சட்டமானது. இன்றும் சில ஊர்களில் ‘தலைவர் வர்றார்’ என்றால் வருவது தலைவரின் வீட்டுக்காரர். மாறாக, இந்த வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவ வேலை 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியானது. ஆண்களைச் சேர்த்துக்கொண்டது 1947-ல்தான். அமெரிக்கப் பெண் ஒருவரை இந்த ஊர் தலைவராக ஏற்றுக்கொண்டதற்கு, ஆண் டாக்டரிடம் பெண்களைக் காட்டாத அன்றைய வழக்கமும் ஒரு காரணம். கட்டிப்போட்ட அதே வழக்கம் இங்கே கதவைத் திறந்தும் விட்டிருக்கிறது.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறேன். எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

ஜெர்மனி, நெதர்லாந்து என்றால் கேட்காமலே அபிப்பிராயம் சொல்லப் பழகுங்கள். அங்கே மௌனம் பணிவு ஆகாது, தெரியாது என்று அர்த்தம் ஆகும். ஜப்பான் என்றால் கூட்டத்தில் புது யோசனை எடுக்காதீர்கள், முன்னாலேயே பேசிவிடுங்கள். துபாய், கத்தார் என்றால் உங்கள் மேனேஜர் எந்த நாட்டுக்காரர் என்று முதலில் பாருங்கள். மலையாளியா, பிரிட்டிஷ்காரரா, லெபனான்காரரா என்பதைப் பொறுத்து ஆபீஸே மாறும். “சரி சார்” என்று சொல்வதற்கு முன் உங்களால் முடியுமா என்று எல்லா ஊரிலும் யோசியுங்கள்.

மேலதிகாரியை ‘சார்’ என்பதா, ‘அண்ணா’ என்பதா, பெயர் சொல்லியா?

அந்த இடத்தில் மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படி. எங்கள் வகுப்பில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று ஒரு மாதம் வற்புறுத்திப் பார்த்தேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். பெயரைச் சொல்லி, பின்னாலேயே ஒரு ‘சார்’ சேர்த்துக்கொண்டார்கள்.